எம்1 மேக் மினி: சிப் ஒரே நாளில் வந்தது, மென்பொருள் தவணையில் வந்தது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வந்துபோன கணினிகளிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது ஆப்பிளின் எம்1 சிப் உள்ள இந்த மேக் மினிதான். ஆனால் வாங்கிய புதிதில் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது என் கையில் இருந்தது பாதிக் கணினி. நான் அன்றாடம் திறக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக அந்தச் சிப்புக்கு மாறிய பிறகுதான் மீதிப் பாதி வந்து சேர்ந்தது. சிலவற்றுக்கு மாதங்கள் ஆயின, சிலவற்றுக்கு ஆண்டுகள். ஆகவே இந்த மதிப்புரையில் வேகச் சோதனை அட்டவணைகள் கிடையாது. காத்திருந்த கதைதான் இருக்கிறது.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். இராயப்பேட்டையில் வீட்டு மாடியறைதான் அலுவலகம். பதிப்பகம் அனுப்பும் வேர்டு கோப்பை இன்டிசைனில் ஓடவிட்டு, அடிக்குறிப்பு, பொருளடக்கம், சொல்லடைவு எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து, அட்டையைப் போட்டோஷாப்பில் முடித்து, அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆக அனுப்புவது தொழில். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில் எனக்குத் தூக்கம் குறைவு, கோபம் அதிகம். அந்த வாரங்களில் கைவிடாத கணினி நல்ல கணினி. என் அளவுகோல் அவ்வளவுதான்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 நவம்பர் 10 அன்று ஆப்பிள் தன் எம்1 சிப்பை மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் புரோ, மேக் மினி ஆகிய மூன்று கணினிகளில் அறிமுகம் செய்தது. இந்தியாவில் மினியின் தொடக்க விலை 64,900 ரூபாய், ஏரின் விலை 92,900. நல்ல திரையும் விசைப்பலகையும் ஏற்கெனவே இருந்ததால் எனக்கு மினி போதுமானதாக இருந்தது. பக்கத்துக்கு 19.7 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பெட்டி, எடை 1.2 கிலோ. பின்புறம் இரண்டு தண்டர்போல்ட், இரண்டு பழைய வகை யுஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ, ஒரு ஈதர்நெட். உள்ளே விசிறி இருக்கிறது என்கிறார்கள். மே மாதத்து மாடியறையில்கூட அதன் சத்தம் என் காதில் விழுந்ததில்லை. குறை என்று சொன்னால் நினைவகம். வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை, பிறகு கூட்டவே முடியாது. படங்கள் நிறைந்த புத்தகம் செய்பவர்கள் 8 ஜிபியோடு நின்றுவிட வேண்டாம். தொடக்க விலைக்குக் கொடுக்கும் 256 ஜிபி சேமிப்பும் இந்தக் காலத்தில் கேலிக்கூத்து. வெளியே ஒரு எஸ்எஸ்டி வாங்கி இணைத்துக்கொள்வது மலிவு.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். 2006 தொடங்கி மேக் கணினிகளில் இருந்தது இன்டெல் சிப். எம்1 ஆர்ம் வகையைச் சேர்ந்தது. அதற்குப் புரியும் ஆணைகளின் தொகுதியே வேறு. இன்டெல்லுக்கென்று தொகுத்த (அதாவது, மூல நிரலை அந்தச் சிப்பின் ஆணைகளாக மாற்றிய) மென்பொருளை அப்படியே கொண்டுவந்து வைத்தால் எம்1-க்கு அதில் ஒரு வரியும் விளங்காது. மென்பொருள் நிறுவனம் தன் மூல நிரலை எடுத்துப் புதிய சிப்புக்காக மறுபடியும் தொகுத்துத் தர வேண்டும். அப்படித் தந்தால் அதை நேட்டிவ் என்கிறோம். தராதவரை, இன்டெல் ஆணைகளை ஆர்ம் ஆணைகளாக மாற்றித் தர நடுவில் ஒருவர் வேண்டும். ஆப்பிள் அந்த வேலைக்கு வைத்த மென்பொருளின் பெயர் ரோசெட்டா 2.

பெரும்பாலானோர் தங்கள் மென்பொருளைச் சில நாள்களிலேயே மாற்றிவிடலாம் என்று 2020 ஜூனில் ஆப்பிள் மேடையில் சொன்னது. சின்ன மென்பொருள்களுக்கு அது பொய்யில்லை. குறிப்பெடுக்கும் மென்பொருள், கணக்குப் போடும் மென்பொருள் போன்றவை நான் கணினியை வாங்கும்போதே மாறியிருந்தன. போட்டோஷாப் போன்றவற்றின் கதை வேறு. 1990-இல் முதல் பதிப்பு வந்த மென்பொருள் அது. முப்பது ஆண்டுகளாகப் பலர் கை வைத்த நிரல், இன்டெல் சிப்பின் சிறப்பு ஆணைகளை நம்பி வேகம் கூட்டிய பகுதிகள், வெளியாரிடம் வாங்கிச் சேர்த்த நிரல் நூலகங்கள், கூடுதல் வசதிக்காக உள்ளே செருகிக்கொள்ள மூன்றாம் நபர்கள் எழுதிய பிளக்இன்கள் என்று உள்ளே ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கிறது. அதில் ஒருவர் வர மறுத்தாலும் வீடு மாறுவது தள்ளிப்போகும்.

ரோசெட்டாவைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். புதிய மேக்கில் அது முன்கூட்டியே இருப்பதில்லை. இன்டெல் மென்பொருள் ஒன்றை முதல்முறை திறக்கும்போது, நிறுவிக்கொள்ளட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். சரி என்றால் சில நொடி வேலை. அதற்குப் பிறகு அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிடும். மென்பொருள் ஓடும்போது வரிக்கு வரி மாற்றிக்கொண்டிருக்காமல், முடிந்த அளவு முழுவதையும் முதலிலேயே மாற்றிச் சேமித்து வைத்துவிடுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். அதனால் முதல் தடவை திறப்பதற்கு மட்டும் பொறுமை வேண்டும். திரையின் அடியில் உள்ள டாக் பட்டையில் சின்னம் குதிக்கும், குதிக்கும், குதித்துக்கொண்டே இருக்கும். முதல் திறப்பில் ஏறத்தாழ 20 விநாடி இப்படிக் குதிக்கும் என்று ஆபிஸ் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்டே அன்று முன்னெச்சரிக்கை கொடுத்தது. இரண்டாம் தடவை முதல் அந்தக் குதியாட்டம் இல்லை.

இன்னொரு விஷயம் பொதுவாக யார் கண்ணிலும் படுவதில்லை. நினைவகத்தில் எழுதும் வரிசையில் இன்டெல் சிப் கறாரானது. முதலில் எழுதியது முதலில்தான் சிப்பின் மற்றப் பகுதிகளுக்குத் தெரியும். ஆர்ம் வகைச் சிப்புகள் இதில் கொஞ்சம் தளர்வானவை. இன்டெல் மென்பொருள் கறாரை எதிர்பார்த்தே எழுதப்பட்டது என்பதால், வெறும் மென்பொருளால் இதைச் சமாளிக்கப்போனால் வேகம் படுத்துவிடும். எம்1-ஐ வடிவமைத்தவர்கள் சிப்பிலேயே ஒரு வசதி வைத்துவிட்டார்கள்: ரோசெட்டா ஓடும்போது மட்டும் சிப் இன்டெல்லின் கறாருக்கு மாறிக்கொள்ளும். நான் பொறியாளர் அல்ல. ஆனால் நாளைக்கு வேண்டாத ஒரு மென்பொருளுக்காக இன்றைய சிப்பில் இடம் ஒதுக்கியவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பது எனக்கும் புரிகிறது.

இதனால் நடந்தது என்னவென்றால், இன்டெல்லுக்காக எழுதிய இன்டிசைன், என் பழைய இன்டெல் ஐமேக்கில் ஓடியதைவிட இந்தச் சின்னப் பெட்டியில் ரோசெட்டா வழியாக நன்றாகவே ஓடியது. குறையே இல்லை என்று சொல்லவில்லை. நீண்ட நாவலில் முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தால் அந்த நகர்வு கடைசிப் பக்கம்வரை போய்ச் சேரும். அந்த நேரத்தில் உருட்டினால் பக்கம் ஒரு கணம் சாம்பல் நிறமாக நின்று பிறகுதான் எழுத்து தெரியும். நினைவகத்தையும் சற்றுக் கூடுதலாகத் தின்றது. வேலைக்குக் குந்தகம் இல்லை. பொறுத்துக்கொள்ள முடிந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குரோம் உலாவி எம்1 கணினிகள் கடைக்கு வந்த அதே நவம்பரிலேயே வந்துவிட்டது. வேர்டும் எக்செலும் 2020 டிசம்பரில். போட்டோஷாப் 2021 மார்ச்சில், சராசரியாக ஒன்றரை மடங்கு வேகம் என்ற, அதைத் தயாரிக்கும் அடோபியின் அறிவிப்போடு. நான் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த இன்டிசைன் ஜூனில், இல்லஸ்ட்ரேட்டரோடும் லைட்ரூம் கிளாசிக்கோடும் சேர்ந்து. அன்றைக்கு முதல் வேலையாக ஒரு தடித்த கட்டுரைத் தொகுப்பைத் திறந்தேன். மேற்சொன்ன சாம்பல் பக்கம் காணாமல் போயிருந்தது. பிடிஎஃப் ஏற்றுமதியில், அந்த நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியானது. மிகைப்படுத்தவில்லை, கடிகாரம் வைத்து அளந்தவளும் இல்லை. அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து "அனுப்புகிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் கோப்பு தயாராகிவிட்டது.

மகிழ்ச்சி அன்று மாலைவரை நீடித்தது. மாலையில் சொல்லடைவு வேலை.

தமிழ்ச் சொல்லடைவு செய்தவர்களுக்குத் தெரியும். கணினியிடம் "அடுக்கு" என்று சொன்னால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வந்து நிற்கும், ர-வுக்கு அடுத்து ற. நம் அகரவரிசையிலோ வ, ழ, ள எல்லாம் கடந்து ற, ன இரண்டும் கடைசியில். ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். ஆய்வு நூல் ஒன்றில் அப்படி விட்டுவிட்டால் மறுநாள் காலையில் பேராசிரியரிடமிருந்து அழைப்பு வரும், நியாயமான அழைப்பு. இதற்காகவே, வரிசைமுறையை நாமே எழுதிக்கொடுக்கக்கூடிய ஒரு பிளக்இன்னைப் பல ஆண்டுகளுக்கு முன் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தேன். வெளிநாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு நடக்கும் நிறுவனம். பெயர் வேண்டாம்.

நேட்டிவ் இன்டிசைனில் அந்த பிளக்இன்னின் மெனுவே இல்லை. காரணம் எளிது, கொடியது. ஒரு மென்பொருள் ஓடும்போது அதன் பாதி ஆர்ம், பாதி இன்டெல் என்று இருக்க முடியாது. பிளக்இன் இன்டிசைனின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. இன்டிசைன் ஆர்ம் என்றால் அதுவும் ஆர்மாக இருந்தாக வேண்டும். வழி ஒன்றுதான். இன்டிசைன் சின்னத்தைத் தேர்ந்தெடுத்து, "கெட் இன்ஃபோ" சாளரத்தைத் திறந்து, "ரோசெட்டாவில் திற" என்ற சின்னக் கட்டத்தில் டிக் செய்து, மறுபடி திறப்பது. அப்படித் திறந்தால் பிளக்இன் வரும். கூடவே மொத்த இன்டிசைனும் இன்டெல்லாகிவிடும். ஒரே ஒரு பயணி இன்னும் வரவில்லை என்பதற்காக ஏறி உட்கார்ந்த ஐம்பது பேரையும் நிறுத்தி வைத்திருக்கும் பஸ்தான் நினைவுக்கு வந்தது.

ஆக்டிவிட்டி மானிட்டரில் "கைண்ட்" என்று ஒரு பத்தி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் நேராக ஆப்பிள் அல்லது இன்டெல் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆயிற்று. பக்கம் வடிவமைக்கும்போது இன்டிசைனுக்கு நேரே ஆப்பிள். சொல்லடைவுக்கு மூடித் திறந்தால் இன்டெல். அது முடிந்து மூடி, டிக்கை எடுத்துத் திறந்தால் மீண்டும் ஆப்பிள். படிப்பவர்களுக்கு இது ஒரு நிமிட வேலைதானே என்று தோன்றும். திருத்தம் போட்டு, பக்கம் நகர்ந்து, சொல்லடைவை மறுபடி எடுக்க வேண்டிய டிசம்பர் இரவில் செய்து பாருங்கள்.

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: நேட்டிவ் பதிப்பு திட்டத்தில் இருக்கிறது, தேதி சொல்ல இயலாது. சில மாதம் கழித்து எழுதினால் அதே பதில், கீழே வேறொருவர் கையொப்பம். புத்தகக் காட்சி வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. கடைசியில் நேட்டிவ் பதிப்பு வெளியானபோது அது ஆண்டுச் சந்தாவாக மாறியிருந்தது. ஒருமுறை வாங்கினால் போதும் என்ற பழைய உரிமம் பழைய இன்டெல் பதிப்போடு முடிந்தது. பணம் கட்டினேன். சிறு நிறுவனத்துக்கும் வயிறு இருக்கிறது, புதிய சிப்புக்கு மாற்றுவது அவர்களுக்கு வேலைதான். ஆனால் "இந்த மாற்றத்துக்குப் பணம் தேவைப்படுகிறது" என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தால் அன்றே கட்டியிருப்பேன். திட்டத்தில் இருக்கிறது, திட்டத்தில் இருக்கிறது என்று இழுத்தடித்ததுதான் எரிச்சல்.

பிளக்இன்னாவது டிக் செய்தால் வந்தது. கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர்கள் விஷயத்தில் அந்த வழியும் இல்லை. இயங்குதளத்தின் கருவுக்குள் உட்காரும் வகை டிரைவர்களை ரோசெட்டா தொடாது; அவை நேட்டிவாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது ஆப்பிளுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. நான் வழக்கமாக வேலை கொடுக்கும் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் பகுதியைக் கவனிக்கும் தம்பியிடம், பழைய விண்டோஸ் பெட்டியை மாற்றக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். மேசைக்கு அடியில் குனிந்து பின்புறத்தில் செருகியிருந்த கட்டைவிரல் அளவு டாங்கிளைக் காட்டினான்.

"அக்கா, இதைக் கண்டால்தான் அந்த மென்பொருள் திறக்கும். இதற்கு டிரைவர் இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் இருக்கிறது. மாற்றினால் மென்பொருளையும் புதிதாக வாங்க வேண்டும் என்கிறார்கள். முதலாளியிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்."

நான் சொல்லவில்லை. அந்த மென்பொருளின் விலை எனக்கும் தெரியும்.

இத்தனை புலம்பலுக்கு நடுவில், காத்திருக்கவே வேண்டாதவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு அது ஆறுதல். எழுத்துருக்களுக்குச் சிப் எதுவானாலும் ஒன்றுதான், அவை வெறும் தரவு. என்னிடம் இருந்த எல்லா யூனிகோடு எழுத்துருக்களும், இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தும் இன்றும் வரும் கைப்பிரதிகளுக்காக வைத்திருக்கும், யூனிகோடு அல்லாத பாமினியும்கூட, நகலெடுத்துப் போட்டதும் வேலை செய்தன. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் மேக் இயங்குதளத்தோடே வருபவை. இயங்குதளம் மாறியபோது அவையும் மாறிவிட்டன. இன்டிசைனுக்காக நான் எழுதி வைத்திருந்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் (ஒற்று விட்ட இடத்தில் நிறம் போட்டுக் காட்டுவது, மேற்கோள் குறிகளைத் திருப்புவது போன்றவை) தொகுக்கப்படாத வெறும் எழுத்து என்பதால் நேட்டிவ் இன்டிசைனில் முதல் நாளே ஓடின. பாமினியை யூனிகோடாக்க முன்பு வைத்திருந்த ஒரு குட்டி மென்பொருள் மட்டும் இல்லை. ஆனால் அதைக் கொன்றது எம்1 அல்ல. 2019-இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு 32 பிட் மென்பொருள்களை மொத்தமாகக் கைவிட்டபோதே அது போய்விட்டது.

இது முதல் மாற்றமும் அல்ல. பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மாறுவதாக ஆப்பிள் 2005 ஜூனில் அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. போட்டோஷாப், இன்டிசைன் முதலியவை அடங்கிய அடோபியின் நேட்டிவ் சிஎஸ்3 வந்தது 2007 ஏப்ரலில். நடுவில் பதினைந்து மாதம், வடிவமைப்பாளர்கள் முதலாம் ரோசெட்டாவில் பழைய போட்டோஷாப்பை ஓட்டினார்கள், அல்லது பழைய பவர்பிசி ஜி5 கணினியை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு 2008 ஜனவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் பிடித்துப்போன நம் டிடிபி ஆட்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை: மேக்குக்கான பேஜ்மேக்கர் ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளத்துக்கே நேட்டிவாக வந்ததில்லை, அதற்கு முந்தைய மென்பொருளை ஓட்டும் கிளாசிக் சூழலில்தான் ஓடும், இன்டெல் மேக்கில் கிளாசிக்கே கிடையாது.

அப்போது பதினைந்து மாதம் பிடித்தது இப்போது போட்டோஷாப்புக்கு நான்கு மாதத்தில் முடிந்ததற்குக் காரணம் உண்டு. பவர்பிசி ஓர் எண்ணின் பைட்டுகளை அடுக்கும் திசை வேறு, இன்டெல் அடுக்கும் திசை வேறு. கோப்பைப் படிக்கும், எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நிரலை நோண்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அடோபி அன்று பயன்படுத்திய கோட்வாரியர் என்ற நிரல் தொகுக்கும் கருவியை விட்டு ஆப்பிளின் எக்ஸ்கோடுக்கு மொத்தமாகக் குடிபெயர வேண்டியிருந்தது. இந்த முறை இரண்டு சிப்புக்கும் பைட்டுத் திசை ஒன்று, இரண்டும் 64 பிட், கருவியும் அதே எக்ஸ்கோடு. வேலை உண்மையிலேயே குறைவு.

வேலை குறைவாக இருந்தும் சிலர் ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள்? என் கணிப்பு, ரோசெட்டா அளவுக்கு மீறி நன்றாக இருந்ததுதான். 2006-இல் முதலாம் ரோசெட்டா மெதுவாக இருந்தது. வாடிக்கையாளர் கத்தினார், நிறுவனம் ஓடியது. 2021-இல் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. எம்1 வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆன பிறகு, 2021 அக்டோபரில், நேட்டிவ் ஆதரவு வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் வாக்குகள் சேரட்டும் என்ற தொனியில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதில் போனது. பயனர்கள் கொதித்தார்கள். தலைமை நிர்வாகி டுரூ ஹூஸ்டனே வந்து, 2022-இன் முதல் பாதியில் தருகிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று, தந்தும்விட்டார்கள். கேட்காமல் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று கத்திய பிறகு கிடைத்தது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் அதையும் விஞ்சியது. அதன் மேக் மென்பொருளின் நேட்டிவ் சோதனைப் பதிப்பே 2025-இல்தான் வந்தது.

ரோசெட்டா என்ற இந்த ஊன்றுகோலுக்கு இப்போது ஆப்பிளே தேதி குறித்துவிட்டது. 2025 ஜூன் அறிவிப்பின்படி, இன்டெல் மேக்குகளில் நிறுவக்கூடிய கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் 26. ரோசெட்டா முழுமையாக இருப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான். அதற்குப் பிறகு, பராமரிப்பில்லாத சில பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் மிஞ்சும். முதலாம் ரோசெட்டாவையும் 2011-இல் லயன் பதிப்பில் இப்படித்தான் எடுத்தார்கள். இந்த அறிவிப்பை நான் வரவேற்கிறேன். "திட்டத்தில் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்கு இனி அந்த வசதி இல்லை.

விண்டோஸ் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜூனில் ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப்போடு வந்த மடிக்கணினிகளும் ஆர்ம் வகைதான். அவற்றில் இன்டெல் மென்பொருளை ஓட்டும் பிரிசம் என்ற ஏற்பாடு முந்தையதைவிட நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இன்டெல், ஏஎம்டி கணினிகள் தொடர்ந்து விற்கும், ஆகவே மென்பொருள் நிறுவனத்துக்கு அவசரமும் இல்லை. ஆப்பிள் பழைய கதவைச் சாத்தியது. மைக்ரோசாஃப்டால் அதைச் செய்ய முடியாது. பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் என்று ஏதாவது ஒன்றை நம்பிப் பிழைப்பவர்கள், அந்தக் கருவிக்கு ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று தெரியாமல் கடைப்பக்கமே போக வேண்டாம்.

மேக் வாங்குபவர்களுக்கு. பழைய எம்1 மினி நல்ல விலைக்குக் கிடைத்து, 16 ஜிபியும் இருந்தால், புத்தக வேலைக்கு இன்றும் தாராளமாக வாங்கலாம். 8 ஜிபி என்றால் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், 59,900 ரூபாய்க்கு அறிமுகமான எம்4 மினியில் தொடக்கமே 16 ஜிபி, பேச்சே இல்லை. எதை வாங்கினாலும், வாங்குவதற்கு முன் இப்போதைய மேக்கில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்து, மென்பொருள் பட்டியலில் "கைண்ட்" பத்தியைத் தட்டி வரிசைப்படுத்துங்கள். இன்டெல் என்று காட்டுபவை எல்லாம் ஒரே இடத்தில் திரண்டு நிற்கும். அவற்றில் உங்கள் வருமானம் எதைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரிய மென்பொருள்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை எப்போதோ மாறிவிட்டன. கேள்விப்பட்டிராத பெயர்களில்தான் கவனம் வேண்டும்.

என் பட்டியலில் இன்று மிச்சமிருப்பது ஸ்கேனரோடு வந்த மென்பொருள் ஒன்றுதான். பழைய புத்தகங்களின் மறுபதிப்புக்கு அட்டைகளை அதில்தான் எடுக்கிறேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விளக்கு மங்கவில்லை, நிறம் பிசகவில்லை. தயாரித்த நிறுவனம் இந்த மாடலுக்கான ஆதரவை நிறுத்தி ஆண்டுகளாகிவிட்டன; ரோசெட்டா இருக்கும்வரைதான் ஓடும். பழைய ஸ்கேனர்களுக்கென்றே வேறொருவர் விற்கும் வியூஸ்கேன் என்ற நேட்டிவ் மென்பொருளை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக வருகிறது, சரிசெய்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மினிக்குத்தான், ஸ்கேனர் நிறுவனத்துக்கு அல்ல.